மேல்வீட்டுக்கு வாடகை இல்லை

முன்பணம் கொடுத்த நாளிலிருந்து பெரியவளுக்குச் சரியான தூக்கம் இல்லை என்று போன வாரம் சொல்லியிருந்தேன். இன்று பசியும் போய்விட்டது. தட்டில் வைத்தது தட்டிலேயே ஆறிக்கொண்டிருக்க, அவள் பீரோவைத் திறந்து மூன்றாவது தடவையாக உடை மாற்றிக்கொண்டிருந்தாள்.

வரப்போகிறவர் வங்கியின் மதிப்பீட்டாளர். அவர் பார்க்கப்போவது வீட்டை, இவளை அல்ல. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் மாற்றினாள்.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. பெரியவளுக்கு நாற்பத்தெட்டு வயது. பல் செட் செய்கிற கூடத்தில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து, முகம் தெரியாத யாரோ வாய்விட்டுச் சிரிக்க வழி பண்ணுகிறவள். ஊரார் பல்லைச் செய்துகொண்டே, தன் பல்லைக் கடித்துக்கொண்டு பத்தொன்பது வருடம் சேர்த்தாள். கல்யாணம் என்று ஒன்று அவளுக்கு நடக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது, பதினோரு வயது இளைய தங்கை அவள் கைக்கு வந்தாள். அந்தச் சின்னவளை வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் தலையில் நரை.

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று சொன்ன மகராசன் வங்கியில் கடன் கேட்டுப் பார்த்திருக்கமாட்டான். பார்த்திருந்தால் பழமொழி இன்னும் நீண்டிருக்கும்.

பெரியவள் வாங்க நினைப்பது ஒரே மதிலுக்குள் மூன்று வீடு. கீழே முன்வீடு, பின்வீடு. மாடி முழுவதும் மேல்வீடு. இந்த மாதிரிக் கட்டடத்துக்கென்றே வங்கியில் ஒரு கடன் உண்டு. வாங்குகிறவர் மூன்றில் ஏதாவது ஒன்றில் தானே குடியிருப்பதாக எழுதிக்கொடுத்தால், கையிலிருந்து நூற்றுக்குப் பத்து போட்டால் போதும். வட்டியும் குறைவு. நான் குடிவரமாட்டேன், வாடகைக்கு மட்டும் விடுவேன் என்றால் நூற்றுக்கு முப்பது. பெரியவளிடம் பத்து இருந்தது. அதற்கு மேல் இருந்ததெல்லாம் ஆசைதான்.

முன்வீட்டில் அவளே இருப்பாள். பின்வீட்டில் இப்போதிருக்கும் நீச்சல் பயிற்சியாளரே வாடகை கொடுத்துக்கொண்டு இருக்கட்டும். மேல்வீடு சின்னவளுக்கு. பெரியவள் வீடு தேடியதே இந்தக் கடைசி வரிக்காகத்தான்.

இரண்டு தடவை தள்ளிப்போட்டு மதிப்பீட்டாளர் இன்றைக்குத்தான் வருகிறார். இன்று மாலை ஐந்து மணிக்குள் வங்கியின் ஒப்புதல் கடிதம் வீட்டுக்காரர் கைக்குப் போயாகவேண்டும். போகாவிட்டால் முன்பணமும் போச்சு, வீடும் போச்சு. வரிசையில் இன்னொருவர் ரொக்கத்தோடு நிற்கிறார்.

*

பத்து மணிக்கு வரவேண்டியவர் பத்தே முக்காலுக்கு வந்தார். சிரிப்பைச் செலவு செய்யாத முகம். கையில் ஒரு சின்னக் கருவி. சுவரை நோக்கிக் காட்டினால் அங்கே ஒரு சிவப்புப் புள்ளி விழும், இங்கே திரையில் நீளம் வரும். முன்வீட்டுக் கூடத்தை அளந்தார். குழாயைத் திறந்து மூடினார். ஜன்னல் கதவை ஆட்டிப் பார்த்தார். ஈரம் பூத்திருந்த மூலையைப் படம் எடுத்தார். அந்த மூலையை மறைத்து நின்றுகொள்ளலாம் என்று பெரியவளுக்குத் தோன்றியபோது காரியம் முடிந்திருந்தது.

சின்னவளும் அவள் கணவரும் வேலையில் ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். சின்னவள் பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதுகிறவள். ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு வாழ்த்துச் சொல்லும் கை அது. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் ஏழாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் ஏற்றிவிடுகிற மனுஷர், ஒன்பது வருடமாகக் குடியிருப்பது தரையோடு தரையாக, வெயில் எட்டிப்பார்க்காத ஒரு ஒண்டுக்குடித்தனத்தில். பள்ளிக்குப் போகும் ஒரு குழந்தையும் உண்டு. தங்கமான மனுஷர். வாய்க்குத்தான் பூட்டு கிடையாது.

"அக்கா, நான் மேல போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்றாள் சின்னவள்.

"இதையெல்லாம் கேப்பியா? உன் வீடு. போய்ப் பாரு."

சின்னவள் படியேறினாள்.

மதிப்பீட்டாளர் பின்வீட்டுக்குப் போக, பெரியவள் மட்டும் முன்வீட்டுக் கூடத்தில் நின்றாள். தலைக்கு மேலே காலடிச் சத்தம் கேட்டது. வலது காலை மெதுவாகவும் இடது காலைக் கொஞ்சம் அழுத்தியும் வைக்கும் நடை. சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்து கால் பிசகியதிலிருந்து வந்த நடை. அது கூடத்தைக் கடந்தது, சமையலறைக்குப் போனது, அங்கே நின்றது, திரும்ப ஜன்னல் பக்கம் வந்தது.

பெரியவள் அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தச் சத்தத்தைக் கேட்டு ஒன்பது வருடம் ஆகிறது. தினமும் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் மேலே இப்படி ஒரு நடை கேட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று அவளுக்கு இருந்தது. போய்ப் பேசவேண்டும் என்றுகூட இல்லை. மேலே ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் மேலே போனாள். மாப்பிள்ளை பின்னால் வர, மதிப்பீட்டாளரும் வந்து சேர்ந்தார். மேல்வீட்டின் இரண்டு படுக்கையறையையும் அளந்தார். சமையலறையில் வெளிச்சம் கொட்டியது. சின்னவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள்.

"இந்த வீடு இப்ப காலிதானே?" என்றார் மதிப்பீட்டாளர்.

"ஆமாங்க. போன மாசம்தான் காலி பண்ணாங்க," என்றாள் பெரியவள்.

"விட்டா என்ன வாடகை வரும்னு நினைக்கிறீங்க?"

பெரியவள் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"வாடகையா? சார், இது நாங்க இருக்கப்போற வீடு. எங்கக்கா வீட்டுல எங்களுக்கு வாடகையா? நல்லாக் கேட்டீங்க போங்க!"

"நீங்க இவங்களுக்கு..."

"கூடப் பிறந்த தங்கச்சி வீட்டுக்காரன். நான் குடுத்தாலும் இவங்க வாங்கிடுவாங்களா? நீங்களே கேட்டுப் பாருங்க."

மதிப்பீட்டாளர் பெரியவளைப் பார்த்தார். பெரியவளுக்கு முகமெல்லாம் மலர்ந்திருந்தது. எங்கக்கா வீடு! ஒன்பது வருடமாக விசேஷத்துக்கு வந்து விருந்தாளியைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போகிற குடும்பம், இன்றைக்கு ஒரு மூன்றாம் மனுஷரிடம் மார்தட்டிச் சொல்கிறது.

"எங்களுக்குள்ள ஏதுங்க அதெல்லாம்," என்றாள் பெருமையாக.

மதிப்பீட்டாளர் தலையாட்டிக்கொண்டு, கையிலிருந்த தாளில் ஏதோ எழுதினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே ஒன்று கத்தியது, இன்னொன்று கூடச் சேர்ந்து பாடியது.

*

பகல் பன்னிரண்டரைக்குப் போன் வந்தபோது பெரியவள் பல் செட் கூடத்தில், மேல்தாடை அச்சு ஒன்றுக்கு முன்பல் பதித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் சூடான மெழுகுக் கத்தி. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டாள்.

வங்கியில் கடன் பிரிவு அதிகாரி. இவளைவிட நாலைந்து வயது மூத்த பெண்மணி. மூன்று மாதமாக இவளுடைய கோப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்.

"அறிக்கை வந்துடுச்சும்மா. கட்டடம் நல்லா இருக்கு. மதிப்புலயும் குறை இல்லை. ஆனா ஒரு சிக்கல்."

"ஈரமா மேடம்? அது மழைத் தண்ணிக் குழாய்தான். நான் சரி பண்ணிடுவேன்."

"ஈரம் இல்லம்மா. மேல்வீட்டுக்கு வாடகை இல்லைன்னு எழுதியிருக்காரே?"

மெழுகுக் கத்தி நின்றது.

"உங்க சம்பளம் மட்டும் இந்தக் கடனுக்குப் போதாதுன்னு ஆரம்பத்துலயே சொன்னேன்ல? நீங்க இருக்கிற வீடு போக, மத்த ரெண்டு வீட்டு வாடகைல முக்கால் பங்கை உங்க வருமானத்தோட சேர்த்துத்தான் கணக்குப் போட்டேன். இப்ப ஒரு வீட்டு வாடகை அடிபட்டுப் போச்சு. கடன் தொகை இறங்கிடும். மீதியை நீங்க கையிலேர்ந்து போடணும்."

"அய்யோ, அது என் தங்கச்சி மேடம். அவகிட்ட ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கித் தந்துடறேன். வாடகை குடுக்கறதாவே எழுதிடலாம்."

"நெருங்கின சொந்தம் குடுக்கிற வாடகையை நாங்க எடுத்துக்க மாட்டோம். இன்னைக்குக் குடுப்பாங்க, நாளைக்குப் பாசத்துல நீங்களே வேணாம்பீங்க. எத்தனை பேரைப் பாத்திருக்கேன்."

பெரியவள் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். அந்தம்மா சொன்னது அவளைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருந்தது.

"ரெண்டு வழி இருக்கு," என்றார் அதிகாரி. "ஒண்ணு, மேல்வீட்டுக்கு வெளியாள் யாராவது வாடகைக்கு வர்றதா எழுதின உறுதிக் கடிதம் வேணும். மூணரைக்குள்ள கொண்டாங்க, நாலரைக்கு ஒப்புதல் கடிதம் உங்க கையில."

"இன்னொண்ணு?"

"மூணுல எந்த வீட்ல இருக்கப்போறீங்கங்கிறது உங்க இஷ்டம்மா. மேல ரெண்டு படுக்கையறை இருக்கே? தங்கச்சி குடும்பத்தோட நீங்களும் மேலயே இருந்துட்டு, முன்வீட்டை வெளியாளுக்கு விடுங்க. வாடகை கொஞ்சம் குறையும். ஆனா எனக்குக் கணக்கு நிக்கும். யோசிச்சுக்கிட்டு வாங்க."

போன் அணைந்தது. மெழுகு ஆறி இறுகிவிட்டிருந்தது. அதில் பதித்த பல் ஒன்று கோணலாக நின்றது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை இதுதான். ஆனால் பெரியவளின் மனம் உடைந்த தாழியில் நிற்கவில்லை. அது இரண்டாவது வழியில் போய் உட்கார்ந்துகொண்டது. எல்லோரும் மேலே. ஒரே கதவு. ஒரே சமையலறை. காலடிச் சத்தத்தைக் கூரை வழியாகக் கேட்கவேண்டியதில்லை, கூடவே நடக்கும்.

ஆசைப்பட்ட அதே நிமிடத்தில் பயமும் வந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

சின்னவளுக்குக் கல்யாணமான புதிதில் மூவரும் ஒரே வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். ஒருநாள் சின்னவள் சமையலறையில் டப்பாக்களையெல்லாம் இறக்கித் துடைத்து, தன் கைக்கு வசதியாக இடம் மாற்றி அடுக்கினாள். வேலையிலிருந்து வந்த பெரியவள், ஒரு வார்த்தை பேசாமல் அத்தனையையும் பழைய இடத்தில் வைத்தாள். கோபமில்லை. பல்லாகட்டும் டப்பாவாகட்டும், அதனதன் இடத்தில் இருக்கவேண்டும் என்கிற தொழில் புத்தி. மறுவாரம் சின்னவள் மறுபடி மாற்றினாள். பெரியவள் மறுபடி வைத்தாள். மூன்றாவது தடவை சின்னவள் மாற்றவில்லை. மாதம் முடிவதற்குள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம். சண்டையே போடாததை எங்கிருந்து சமாதானம் செய்வது?

*

சின்னவளின் போன் வேலை நேரத்தில் பூட்டிய அலமாரிக்குள் இருக்கும். அதனால் பெரியவள் மாப்பிள்ளைக்குப் போன் செய்து, பேக்கரிக்குப் போகப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். அவர் அவள் குரலைக் கேட்டே விஷயத்தைக் கறந்துவிட்டார். இரண்டாவது வழியை மட்டும் அவள் சொல்லவில்லை.

"நான் ஒரு மடையன்க்கா! என் நாக்குல சூடு போடணும்!"

"விடுங்க மாப்பிள்ளை. நானும்தானே கூடச் சேந்து சொன்னேன்."

அடுத்து, வீட்டைக் காட்டிய தரகருக்குப் போன். இடுப்பில் எந்நேரமும் இருபது சாவி தொங்குவதால் அவருக்குச் சாவிக்கொத்து என்றே பெயர். விஷயத்தைக் கேட்டதும் மனுஷர் ஒரு நொடி யோசிக்கவில்லை.

"ஆள் இருக்கு. ஆம்புலன்ஸ் ஓட்டறவர், பெண்டாட்டி ஆசிரியை. நாலு மாசமா வீடு தேடறாங்க. மேல்வீடா, முன்வீடா?"

"நான் ஒரு மணி நேரத்துல சொல்றேன்."

"அக்கா, மணி ஒண்ணாச்சு!"

"தெரியும். சொல்றேன்."

பேக்கரியின் பின்பக்கக் கதவில் அவள் போய் நின்றபோது, சின்னவள் குனிந்து ஒரு வட்டக் கேக்கின் மேல் எழுதிக்கொண்டிருந்தாள். கிரீம் நிரப்பிய காகிதக் கூம்பு கையில். அரைக் கிலோ கேக்கில் யாரோ முழுப் பத்தி ஒன்றை எழுதச் சொல்லியிருந்தார்கள். 'என்றென்றும்' வரைக்கும் வந்திருந்தாள், ஓரத்தில் இடம் தீர்ந்துகொண்டிருந்தது. அடுத்த வார்த்தையைச் சிறிதாக்கி, வளைத்து, எப்படியோ உள்ளே உட்காரவைத்தாள். அந்தச் சாமர்த்தியத்தைப் பார்க்கப் பெரியவளுக்குப் பெருமையாக இருந்தது.

வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியம் ஒன்று இருந்தது. 'நாம எல்லாரும் ஒண்ணா மேல இருக்கலாமா? நீ டப்பாவை எங்க வெச்சாலும் நான் தொடமாட்டேன்.' அவ்வளவுதான். சொல்லிவிட்டால் அரை நிமிடம்கூட ஆகாது.

சின்னவள் நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கண்ணோரம் சிவந்திருந்தது.

"அவரு கடை போனுக்கே நாலு தடவை கூப்பிட்டுட்டாரு. முதலாளி முறைக்கிறாரு. எல்லாம் சொன்னாரு."

"அதைப் பத்தித்தான்..."

"நீ ஒண்ணும் பேசாதேக்கா. நான் முடிவு பண்ணிட்டேன். மேல்வீட்டை வெளியாளுக்கு விட்டுடு."

பெரியவள் அவள் முகத்தையே பார்த்தாள்.

"எங்களுக்காக நீ வீட்டை விட்டுடாதே. பத்தொன்பது வருஷம் நீ வயித்தக் கட்டி வாயக் கட்டிச் சேத்தது எனக்குத் தெரியாதா? நாங்க எப்பவும் போல இருந்துக்கறோம். வெயில் வரலேன்னா என்ன, லைட் இருக்கு."

"இல்லடி, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீ எதையும் சொல்லி என்னை அழவைக்காதே. கடையில ஆள் இருக்காங்க."

வாக்கியம் தொண்டை வரை வந்தது. பெரியவள் தங்கையின் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் நீல நிறக் கிரீம். காலையில் மேல்வீட்டு ஜன்னலில் நின்றபோது இந்தக் கைதான் கம்பியைப் பிடித்திருந்தது. இவளுக்கு வேண்டியது வெளிச்சம் வருகிற ஒரு சமையலறை, சாத்தினால் தன்னுடையதாக இருக்கிற ஒரு கதவு. அக்கா இருக்கிற சமையலறை அல்ல. அதற்குத்தானே ஒன்பது வருடத்துக்கு முன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்? இப்போது கேட்டால் முகம் கோணும். இல்லை என்று வேறு சொல்லவேண்டியிருக்கும். அவளுக்கு அந்தக் கஷ்டம் எதற்கு?

இப்படித் தங்கைக்காக யோசிப்பதாக நினைத்துக்கொண்டு தன் பயத்தைத்தான் அவள் நியாயப்படுத்திக்கொண்டிருந்தாள். மனுஷ மனசு அதில் ரொம்பக் கெட்டி.

"சரி," என்றாள் பெரியவள். "சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு ஆள் வேணுமாம். கூட வர்றியா?"

"அதுக்குக்கூட வரமாட்டேனா? இரு, சொல்லிட்டு வரேன்."

அவள் உள்ளே போன நேரத்தில் பெரியவள் சாவிக்கொத்துக்குப் போன் செய்து, "மேல்வீடு," என்றாள்.

*

மூன்றேகாலுக்கு வங்கி வாசலில் சாவிக்கொத்து காத்திருந்தார். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கையெழுத்துப் போட்ட உறுதிக் கடிதம் கையில். சொன்னால் சொன்னபடி. மனுஷருக்கு நாக்கு மட்டும் இல்லை, காலும் நீளம்.

அதிகாரி கடிதத்தைப் படித்துப் பார்த்தார். கணினியில் எண்களைத் தட்டினார். திரையைப் பார்த்து, "நிக்குது," என்றார். பெரியவள் அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கும்பிட்டபடி நின்றுவிட்டாள். சின்னவள் அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

பிறகு கையெழுத்துகள். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. கடன் தொகைக்கு ஒன்று, வட்டிக்கு ஒன்று, அறுபது நாளுக்குள் குடிவந்துவிடுவேன் என்பதற்கு ஒன்று, ஒரு வருடமாவது அங்கேயே இருப்பேன் என்பதற்கு ஒன்று.

கடைசித் தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. 'உரிமையாளருடன் சேர்த்துக் குடியிருப்போர் எண்ணிக்கை.'

அதிகாரி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவளைப் பார்த்தார். "நான் சொன்ன ரெண்டாவது வழியை யோசிச்சீங்களாம்மா? இப்பக்கூட மாத்திக்கலாம். அந்த டிரைவரே முன்வீட்டுக்கு வந்தாலும் எனக்குச் சரிதான்."

"அது என்ன ரெண்டாவது வழி?" என்றாள் சின்னவள்.

"உங்கக்கா சொல்லலையா? எல்லாரும் சேர்ந்து மேல்வீட்ல இருந்துட்டு, கீழ ரெண்டையும் வாடகைக்கு விடறது. அதுக்கும் கடன் கிடைக்கும்."

சின்னவள் மெதுவாக அக்கா பக்கம் திரும்பினாள்.

பெரியவள் திரும்பவில்லை. மேசை மேலிருந்த முத்திரைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை ஏதாவது சொல்லமாட்டாளா? 'அப்படியே போடுங்க மேடம்' என்று ஒரு வார்த்தை. ஒரு வார்த்தை இவள் வாயிலிருந்து வந்துவிட்டால் கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். பக்கத்து மேசையில் யாரோ தாளைக் கிழித்தார்கள். சின்னவள் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

"அதெல்லாம் சரிப்பட்டு வராது மேடம்," என்றாள் பெரியவள். "நான் ஒருத்திதான். ஒண்ணுன்னு போட்டுக்குங்க."

அதிகாரி ஒன்று என்று எழுதினார். பெரியவள் அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். சாட்சி என்ற இடத்தில் சின்னவள் போட்டாள். ஊராரின் பெயரையெல்லாம் சுழித்துச் சுழித்து அழகாக எழுதுகிறவள், தன் பெயரைக் கோணலாகப் போட்டாள்.

நாலு இருபதுக்கு ஒப்புதல் கடிதம் வந்தது. சாவிக்கொத்து அதை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, "வாழ்த்துகள்க்கா! இனிமே நீங்க வீட்டுக்காரம்மா!" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடினார். கால்மணி நேரத்தில் வீட்டுக்காரர் கையில் கடிதம் சேர்ந்துவிட்டதாகச் செய்தியும் வந்தது.

ஆக, வீடு கிடைத்துவிட்டது. மூன்று வீடு. பத்தொன்பது வருடத்து ஆசை. பெரியவள் தெருவில் நின்று அந்தச் சந்தோஷம் வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அது வரவில்லை.

*

இருவரும் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தார்கள். அங்கே நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். சின்னவள் கம்பத்தோடு சாய்ந்து நின்றாள்.

"அந்தம்மா சொன்னதை என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீ வெளியாளுக்கு விடச் சொல்லிட்டே."

"எனக்கு வேற வழி தெரியலை, சொன்னேன். உனக்குத் தெரிஞ்சிருந்துச்சே?"

"தெரிஞ்சு என்ன பண்றது? நீதான் ஒண்ணா இருக்க முடியாதுன்னு போனவ."

"அப்படின்னு நான் சொன்னேனா?"

"சொல்லலை. டப்பாவை மாத்தினே. நான் திருப்பி வெச்சேன். போயிட்டே."

சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தது. "ஒன்பது வருஷமா அதை ஞாபகம் வெச்சிருக்கியா?"

"நீ மறந்துட்டியா?"

"இல்லை," என்றாள் சின்னவள்.

 வேலை விட்டுப் போகிறவர்களின் கூட்டம் தொடங்கியிருந்தது.

"சரி, இப்பச் சொல்லு," என்றாள் பெரியவள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "கேட்டிருந்தா வந்திருப்பியா?"

சின்னவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண். அப்படி வளர்த்தது பெரியவள்தான்.

"வந்திருக்கமாட்டேன்."

பெரியவள் தலையை ஆட்டினாள். தெரிந்த பதில்தான். தெரிந்திருந்தும் வலித்தது.

"ஆனா கேட்டிருக்கலாம்லக்கா," என்றாள் சின்னவள். "சாப்பிட்டியா, பணம் வேணுமா, குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுச்சா, எல்லாம் கேப்பே. எனக்கு என்ன வேணும்னு நீயே முடிவு பண்ணி வெச்சுக்குவே. என்கூட வந்து இருன்னு ஒரு தடவைகூட நீ கேட்டதே இல்லை. அன்னைக்கு நான் பெட்டியைத் தூக்கிட்டுப் போறப்ப, வாசல் வரைக்கும் வந்து பைய வாங்கி வண்டியில வெச்சே. இருடீன்னு சொல்லலை."

"சொல்லியிருந்தா இருந்திருப்பியா?"

சின்னவள் கம்பத்திலிருந்து நிமிர்ந்தாள். அவள் போகவேண்டிய பஸ் வந்து நின்றது. கூட்டம் முன்வாசலை நோக்கி நகர்ந்தது. அவளும் போய்ப் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"இப்பவும் நீ கேக்கலை பாரு," என்றாள்.

பெரியவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கதவு மூடி, பஸ் கிளம்பிவிட்டது.